நூற்றுக்கு அறுபதும் ஒரு வட்டைவிதானையும்

பாலமுனை மீராமுகைதீன் இருமினால் வாய்க்கால் தண்ணீர் ஒரு முழம் பின்னுக்குப் போகும். நான் பார்த்திருக்கிறேன், நம்பாதவர்கள் வாய்க்காலைப் போய்க் கேட்கட்டும். பதினெட்டு வருடமாக அவர்தான் வட்டைவிதானை. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று தீர்மானிக்கிற அந்தப் பதவிக்கு, விவசாயிகள் கூட்டத்தில் கை உயர்த்தித்தான் ஆள் எடுப்பார்கள்.

கூட்டத்துக்கு மூன்று கிழமைக்கு முன், மதகடியில் அவருக்கு நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரியில் அவசரமாக இரத்தக்குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு விடும் நாளில் டாக்டர் சஹ்லா வயது, இரத்த அழுத்தம், இதயத்தின் பலம் எல்லாவற்றையும் கணினியில் போட்டுப் பார்த்தார்.

"வாப்பா, ஒங்களப் போல நூறு பேரில அறுபது பேர் அஞ்சு வருசத்துக்குப் பொறகும் உசிரோட இரிப்பாங்க."

"மத்த நாப்பது பேருக்கும் என்ட சலாமச் சொல்லுங்க மகள்."

இந்தக் கதை அவருக்கு முன்னே ஊருக்கு வந்து சேர்ந்தது. கூட்டத்தில், இரண்டு தரம் அவரிடம் தோற்ற மசூர் எழும்பினார்.

"மீராமுகைதீன் காக்காவில எனக்கு மரியாத இரிக்கி. ஆனா நடு வெள்ளாமையில மதகத் தொறந்து வெச்சிட்டு இவரு மௌத்தாப் போனா, நம்மட வயல் என்னாகும்?"

மீராமுகைதீன் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

"கம்ப்யூட்டருக்குக் குடுத்த வயசு இதில உள்ள எழுபத்தாறு. இந்தப் பேரும் பொறந்த தேதியும் உம்மாக்கு முதல் பொறந்த என்ட காக்காட. அவரு ரெண்டு வயசில மௌத்து. பொறகு பொறந்த எனக்கு உம்மா அதே பேர வெச்சி, அந்தப் பொறப்புப் பத்திரத்தையே பள்ளிக்கூடத்தில குடுத்திட்டா. மௌத்தான மனுசனுக்கே மெஷின் அறுபது குடுத்திரிக்கி!"

கூட்டம் சிரித்தது. மசூர் விடவில்லை.

"அப்ப சரியான வயசுக்கு எவ்வளவு?"

"நூத்துக்கு அறுபத்தாறு. சஹ்லா டாக்டர் மகள் திரும்பப் போட்டுப் பாத்தா. மருந்துக் குளிசையும் ஒழுங்காக் குடிக்கிறன். ஒன்ட கணக்கு எவ்வளவு மசூர்? இந்தக் கூட்டத்தில நம்பர் தெரிஞ்ச ஆள் நான் ஒருத்தன்தான். மதகடியில விழுந்த அண்டும், மதக மூடிட்டுத்தான் விழுந்தன். போய்ப் பாத்தவங்க சொல்லட்டும்."

போய்ப் பார்த்தவர்கள் முதலில் கை உயர்த்தினார்கள். பிறகு மற்றவர்கள். கடைசியாக மசூரின் கையும் அரைவாசி எழும்பியது.

"நல்லா உயத்து," என்றார் மீராமுகைதீன். "இந்தமுற ஒன்ட வயலுக்குத்தான் முதல் தண்ணி. அஞ்சு வருசம் கழிச்சி வா. அண்டைக்கும் நான்தான் தொறப்பன்."