புலி வாங்கச் சொன்ன லேப்டாப்

பத்திர ஆபீசுக்கு எதிரே, ஒருத்தர் உட்கார்ந்தால் இன்னொருத்தர் நின்றாக வேண்டிய அறை. அதில் பதினாறு வருஷமாகப் பத்திரம் டைப் அடிக்கிறவள் டைப்பிங் அக்கா. ஒரு எண் பிசகினால் ஒருத்தன் மனை அடுத்தவனுக்குப் போய்விடும். அவள் கையில் இதுவரை அப்படிப் போனதில்லை.

வெள்ளிக்கிழமை அவளுடைய பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. திங்கட்கிழமை நாற்பது பக்கப் பாகப்பிரிவினை கொடுத்தாக வேண்டும். தவறினால் பார்ட்டி பக்கத்துக் கடைக்குப் போவான். அவன் பின்னாலேயே மற்றவர்களும் போவார்கள். கையில் இருந்தது முப்பதாயிரம்.

லேப்டாப் வாங்கத் துணைக்கு வந்தது கொழுந்தன். வீட்டில் அவனுக்குப் பேர் 'புலி'. போனில் வீடியோ பார்த்தே கம்ப்யூட்டரைக் கரைத்துக் குடித்த மேதாவி. சொந்தமாக ஒரு வரி அடித்ததில்லை. கடைக்குள் நுழைந்ததும், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மெலிசான ஒன்றைப் பார்த்து வாயைப் பிளந்தான்.

"இதான் அண்ணி! வெயிட்டே தெரியாது. கேம் பறக்கும். ஐம்பத்தெட்டுதான்."

"கேம் யாரு ஆடப் போறா? பத்திரம் எழுத வர்றவனா?"

"மீதிக்குத் தவணை போட்டுக்கலாம்."

"கட்டறது யாரு, நீயா?"

புலி ஃபேனைப் பார்த்தது.

அவள் அதை வெளியே எடுக்கச் சொல்லி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பத்திரம் அடித்துப் பார்த்தாள். கிழக்கே பொதுவழி, மேற்கே... மூன்றாம் வரியில் சர்வே நம்பர். வலது கை பழக்கத்தில் ஓரத்துக்குப் போய் வெறும் தகட்டில் இடித்தது.

"நம்பர் கட்டை எங்கடா?"

"மேல வரிசையா இருக்கே. ஓரத்துல வெக்கிறது பழைய ஸ்டைல் அண்ணி."

"நாள் முழுக்க நம்பர் அடிக்கிறவ நான். எட்டி எட்டி அடிக்க, பரண்ல சாமானா எடுக்கிறேன்?"

மூலையில் தடியாக ஒன்று கிடந்தது. மூடியில் கீறல், ஓரத்தில் முழு நம்பர் கட்டை. "அது டிஸ்ப்ளேக்கு வெச்ச பழைய மாடல் மேடம்," என்றான் டை கட்டின சேல்ஸ்மேன், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல.

அவள் அதில் ஒரு பக்கம் முழுக்க அடித்தாள். கட்டையைக் குனிந்து பார்க்கவேயில்லை. ஒரு பிழை இல்லை.

"கீறல் வெளியில இருக்கு தம்பி. எனக்கு வேலை உள்ளே. ஒரு வருஷ வாரண்டியோட இருபத்தெட்டுன்னா பில் போடு."

போட்டான்.

தெருவில் இறங்கியதும் பையைத் தூக்கி வந்த புலி முனகியது. "ரொம்ப வெயிட்டு அண்ணி."

"உள்ளே சரக்கு இருந்தா அப்படித்தான் கனக்கும். உனக்குப் பழக்கமில்லை. நேரா நம்ம கடைக்கு நட, இன்னைக்கே பத்துப் பக்கம் முடிக்கணும்."