பத்தே முக்காலுக்கு அழுத்திய விரல்கள்

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் பிசிஏ கடைசி வருஷம் படிக்கிற தமிழினிக்கு வாய் கொஞ்சம் நீளம். முதல் வருஷம் கம்ப்யூட்டரை அணைக்கத் தெரியாமல் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கிய மகராசி, இப்போது "நான் எழுதுன வெப்சைட்டு ஊருக்கே கண்ணாலம் பண்ணி வெக்குது தெரியுமா?" என்று லேப் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தாள்.

பீற்றலில் பாதி உண்மைதான். அவள் அம்மா வசந்தாமணி ஊரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர். அந்த மண்டபத்துக்கு முன்பதிவு வெப்சைட் செய்வதுதான் மகளின் புராஜெக்ட். தேதியைத் தொட்டால் காலியா இல்லையா என்று காட்டும். பெயரும் நம்பரும் போட்டுப் பட்டனை அழுத்தினால் ரசீது வரும். வெளியாட்கள் நிஜமாகப் பயன்படுத்தாத புராஜெக்டுக்கு மதிப்பெண் கிடையாது என்று துறையில் கறாராகச் சொல்லிவிட்டதால், அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மாதம் அனுமதி வாங்கியிருந்தாள்.

"ஒரே ஒரு தப்பு வந்தாலும் மறுக்கா கையில எழுதற பதிவு நோட்டுதான் அம்மிணி. கண்ணாலக்காரங்ககிட்ட வெளையாட முடியாது," என்றாள் வசந்தாமணி.

சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் தோழி மஹீனோடு சேர்ந்து தமிழினி அதை ஒரு வாரம் சோதித்தாள். தமிழினி அழுத்துவாள். ரசீது வந்ததும் மஹீன் அழுத்துவாள். "இந்தத் தேதி காலியில்லை" என்று வரும். இருவரும் கைதட்டிக்கொள்வார்கள். அடடா, என்ன ஒற்றுமை! ஒருத்தி முடிக்கிறவரை இன்னொருத்தி பொறுமையாகக் காத்திருந்தாள். ஊர் அப்படியா காத்திருக்கும்?

ஊர் காத்திருந்தது நல்ல நேரத்துக்கு. அந்த வியாழக்கிழமை பத்தே முக்காலுக்குத்தான் நல்ல நேரம் தொடங்கியது. மண்டபம் பிடிக்கிற காரியத்தை அதற்கு முன்னால் யாராவது தொடுவார்களா? காலண்டர் தாளையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரியாகப் பத்து நாற்பத்தைந்துக்கு, இரண்டு வீடுகளில் இரண்டு பேர் ஒரே ஆவணி முகூர்த்தத்துக்குப் பட்டனை அழுத்தினார்கள். இருவரும் கேட்ட நொடியில் தேதி காலியாகத்தான் இருந்தது. இருவருக்கும் ரசீது போய்விட்டது.

"ஒரே தேதிய ரெண்டு பேருக்குக் குடுத்திருக்குது உன்ற வெப்சைட்டு! ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கறேன். நீயும் வந்து பதில் சொல்லு," என்று போனில் வெடித்தாள் வசந்தாமணி.

தமிழினி லேப்டாப்பைத் திறந்தாள். இரண்டு பதிவில் ஒன்றை அழித்துவிட்டு, "உங்க ரசீதுதான் தப்பு" என்று யாரிடமாவது சாதித்துவிடலாம். விரல் அதுவரை போனது. "சீ!" என்று மூடிவைத்துவிட்டு, மஹீனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

மண்டபத்துக்கு முதலில் வந்தவர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் சென்னிமலை, கல்யாணப் பெண்ணின் அப்பா.

"தப்பு என்னுதுதானுங்க. உங்களுக்கும் இன்னொருத்தருக்கும் ஒரே தேதியக் குடுத்துப்போட்டனுங்க," என்றாள் தமிழினி.

"ஆரு சாமி அந்த இன்னொருத்தர்? நான் உட்டுக் குடுக்க மாட்டேன். அப்புறம் மாப்பிள்ளையூட்டுக்காரங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?"

அந்நேரம் வாசலில் ஒரு கார் நின்றது. இறங்கிய கந்தம்மாள் டீச்சரைப் பார்த்ததும் சென்னிமலை பதறிப்போய்க் கும்பிட்டார்.

"வாங்க சம்பந்தியம்மா! நீங்க எங்க இங்க?"

"மண்டபம் புடிச்சிருக்கறனுங்க. என்ற பையன் கண்ணாலம், எங்கூட்டுச் சோலி. உங்களுக்கு எதுக்குங்க செரமம்?"

"அட, அதயேதானுங்க நானும் நெனச்சுப் புடிச்சேன்!"

நிச்சயத்தன்று இரு தரப்பும் "மண்டபத்த நாங்க பாத்துக்கறோம்" என்றிருக்கிறார்கள். எதிர்த்தரப்பு மரியாதைக்குச் சொல்கிறது என்று இருவருமே நினைத்து, சத்தமில்லாமல் பதிவு செய்திருக்கிறார்கள். இப்போது யார் ரத்து செய்வது என்பதில் அடுத்த மரியாதைச் சண்டை தொடங்கியது. வசந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மஹீனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

தமிழினியும் சிரித்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. "அம்மா, இவங்க சம்பந்திங்க, சரியாப் போச்சு. நாளைக்கு முன்னப்பின்ன தெரியாத ரெண்டு பேரு வந்து நின்னா?"

வசந்தாமணியின் சிரிப்பு நின்றது. "அதுக்குத்தான் நோட்டுங்கறேன்."

"திங்கக்கெழம வரைக்கும் டைம் குடும்மா. சரி பண்ணலீன்னா நானே அதை மூடிப்போடறேன்."

மூன்று நாள் தமிழினியும் மஹீனும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். காலியா என்று பார்ப்பதும் எழுதிக்கொடுப்பதும் தனித்தனி வேலையாக இருந்ததுதான் வினை. இரண்டையும் ஒன்றாக்கி, ஒருவருக்கு முடிகிறவரை அடுத்தவரை வரிசையில் நிறுத்திவைத்தாள் தமிழினி.

திங்கட்கிழமை லேபில் நாற்பது பேர் ஒரே தேதியைத் திறந்துவைத்து விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மண்டபத்துக் கம்ப்யூட்டரில் அதே தேதியைத் திறந்துவைத்து, வசந்தாமணியும் போனில் சேர்ந்துகொண்டாள். மஹீன் "மூணு, ரெண்டு, ஒண்ணு!" என்று கத்தினாள்.

முப்பத்தொன்பது திரைகளில் "காலியில்லை." லேபே கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கத்தியது. இல்லை என்று சொன்னதற்கு இவ்வளவு கொண்டாட்டமா! ரசீது வந்தது, ஒரு லேப் ரெக்கார்டையும் நேரத்துக்குக் கொடுக்காத வகுப்புத் தோழன் தர்ஷனுக்கு. "மண்டபம் ரெடி, பொண்ணு எங்கடா?" என்று அவனைப் பிடித்து உலுக்கினார்கள்.

"ஏன்டி," போனில் அம்மாவின் குரல். "நான் மேனேஜரு. எனக்கே இல்லீங்குது உன்ற வெப்சைட்டு!"

"ஆமாம்மா," என்றாள் தமிழினி.

"அப்படித்தான் இருக்கோணும் சாமி! இனி எந்தப் பெரிய மனுசன் வந்து தேதியக் குடுன்னு அதட்டுனாலும் அதைக் கை காட்டி உட்டுருவேன். ஓடட்டும் அது!"