கொஞ்சம் ஆடும் மூடி

திருமுல்லைவாயிலில் எங்கள் வீடு தண்டவாளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. மின்சார ரயில் போகும்போதெல்லாம் அடுப்படி அலமாரியில் ஒரு மூடி கடகடவென்று ஆடும். ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். ரயில் வரும், மூடி ஆடும். ரயில் போகும், மூடி அடங்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தெட்டு வருஷமாக லேத்தில் நிற்கிறவன் நான். நான் கடைந்து கொடுத்த எதுவும் இப்படி ஆடியது கிடையாது. இந்த ஒன்றுதான் ஆடும். ஆடட்டும் என்று விட்டவனும் நான்தான்.

அது ராணுவக்காரர்கள் முதுகில் சுமந்து போகும் சமையல் செட்டின் மூடி. ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற வட்டமான இரண்டு அலுமினியப் பாத்திரங்கள், மடக்குகிற கைப்பிடி, அவ்வளவுதான் செட்டு. ஆவடியில் ஏலச் சாமான் விற்கிற பழைய இரும்புக் கடையில், கிழிந்த கான்வாஸ் பைகளுக்கும் நசுங்கிய தண்ணீர் பாட்டில்களுக்கும் அடியிலிருந்து அதை இழுத்து எடுத்தவர் என் அக்காவின் கணவர். மூடி இல்லை. கைப்பிடியில் ஒரு ரிவெட்டும் இல்லை. "பட்டாளத்துக்கே சோறு போட்ட சட்டி மச்சான், நம்ம ஒரு வவுத்துக்குப் போடாதா?" என்று என் கையில் கொடுத்தார்.

மாமா பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டினார். வாய் ஓயாது. அவர் சொன்னதையெல்லாம் நான் சேர்த்து வைத்திருக்கிறேன், சிலர் பழைய பேருந்து டிக்கெட்டைச் சேர்த்து வைப்பதுபோல. "முன்னாடி போற வண்டிக்கும் நமக்கும் நடுவுல ஒரு ஆளு பூந்து வர்ற எடம் வுடணும். இல்லன்னா அவன் பிரேக்கு, நம்ம மூஞ்சி." இது அடிக்கடி சொல்வது. இறங்கி ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்து மதியம்வரை தண்ணீரே குடிக்காமல் ஓட்டுவார். சர்க்கரையும் பிரஷரும் ஏற்கெனவே இருந்தன. கடைசியில் இரண்டு கிட்னியும் பாதிக்குமேல் போய்விட்டன என்றார் டாக்டர். உப்பைத் தொடவே கூடாது, தொட்டால் கால் வீங்கும், மூச்சு வாங்கும்.

அந்த நிலையில்தான் அந்தப் புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்தே போவேன் என்று நின்றார். மகளுக்குக் குழந்தை பிறந்தால் நடந்து வருகிறேன் என்று வேண்டியிருந்தார். குழந்தை பிறந்து, அதுவே நடக்க ஆரம்பித்துவிட்டது. "பெருமாள் பொறுமைக்காரரு மச்சான். என் கிட்னிதான் அவசரக்காரன்" என்றார். வழிநெடுகப் பந்தல் போட்டு அன்னதானம் செய்வார்கள், ஆனால் எல்லாமே உப்பு போட்ட சாப்பாடு. அதனால் தன் சோற்றைத் தானே பொங்கிக்கொள்வதாகத் திட்டம். அக்கா மாமாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ கூடப் போனா அனுப்புறேன். உப்பு ஒரு கல்லுகூட உள்ள போவக்கூடாது. உன்ன நம்பித்தான்டா."

அந்தச் சொல்லைத் தலையில் வைத்துக்கொண்டுதான் வேலையில் இறங்கினேன். கைப்பிடிக்குப் புது ரிவெட் அடித்து, சுடாமலிருக்கப் பருத்திக் கயிறு சுற்றினேன். எண்ணெய் டின் தகட்டை வெட்டி, துளை போட்டு, பாத்திரத்தைச் சுற்றி நிற்கிற காற்று மறைப்பு செய்தேன். சுருட்டினால் பாத்திரத்துக்குள்ளேயே அடங்கும். அடியில் நாலு சவுக்கு மிலாறு போட்டு எரித்தால் போதும். மூடிதான் என் பெருமை. கம்பெனியில் கழித்துப்போட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துண்டை ஃபோர்மேனிடம் கேட்டு வாங்கி, மூன்று நாள் சாப்பாட்டு வேளையில் கடைந்தேன். மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, பாத்திரத்தின் வாய்க்கு வெளியே தலைமுடி நுழையாதபடி உட்காரவைத்தேன். ஃபோர்மேன் மூடிப் பார்த்துவிட்டு, "இதுல காத்து போவணும்னாகூட கேட் பாஸ் வாங்கணும்பா" என்றார். அவர் யாரையும் லேசில் புகழ மாட்டார். எனக்கு அன்று சந்தோஷத்தில் சோறே இறங்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஒத்திகை பார்த்தோம். காற்று பலமாக அடித்தும் தீ அசையவில்லை. அதைப் பார்க்கிற ஆசையில் மூடியைப் போடாமலே தண்ணீர் கொதிக்கவைத்து டீ போட்டுக் குடித்தோம். மூடியை ஆறிப்போன பாத்திரத்தில் போட்டு, எடுத்து, அந்த வழுக்கலை இரண்டு பேரும் மாறிமாறி ரசித்தோம். சூட்டில் எஃகைவிட அலுமினியம் அதிகம் விரியும் என்பது லேத்தில் நிற்கிற எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்கு ஏன் தோன்றவில்லை என்று இப்போதும் கேட்டுக்கொள்கிறேன். பாத்திரம் என்று நினைக்காமல் கம்பெனி வேலை என்று நினைத்துவிட்டேன் போல.

முதல் நாள் அவல் ஊறவைத்துத் தின்றே ஒப்பேற்றினோம். இரண்டாம் நாள் மதியம், திருவள்ளூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் முதல் உலை வைத்தேன். பொங்கி வந்தது, மூடினேன். கஞ்சி இடுக்கில் ஏறியது. உள்ளே அலுமினியம் விரிந்தது, வெளியே எஃகு பிடித்துக்கொண்டது. சோறு வெந்த வாசனை வருகிறது, மூடி வரவில்லை. துணி சுற்றித் திருகினேன். தண்ணீர் ஊற்றினேன். உள்ளே ஆவி அடங்கி இன்னும் இறுக்கியது. ஆறவிட்டால் கஞ்சி காய்ந்து பசையாகிவிட்டது. கூட நடந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக முயன்று பார்த்தார்கள். ஒருவர், "அண்ணாத்தே, இதுல சோறு வெச்சுக்கிறியா, வெடி வெச்சுக்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மாமா வேரில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. பசியில் சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டியது. எதிரே பந்தலில் சாம்பார் சாதம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் கல்லை எடுத்து அடித்துக்கொண்டிருந்தேன். பாத்திரத்தின் வாய் கோணி, மூடி தெறித்து, சோறு கட்டியாக வெளியே வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். மாமா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே பந்தலிலிருந்து வந்துகொண்டிருந்தார். "ரெண்டு தபா வாங்கினேன் மச்சான். ஒண்ணரை வருசமா நாக்கு செத்துக் கெடந்துது." முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

மறுநாள் காலை, ஊத்துக்கோட்டை வந்து சேர்ந்தபோது செருப்புக்குள் மாமாவின் கால் நுழையவில்லை. மூச்சு வாங்கியது. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, மற்றவர்கள் கோவிந்தா போட்டுக்கொண்டு போவதைப் பார்த்தார். திரும்புகிற பஸ்ஸில் கோணிய பாத்திரத்தை மடியில் வைத்துத் தட்டியபடியே சொன்னார்: "நீ நல்லாத்தான் செஞ்சிகீற. கொஞ்சம் எடம் வுட மறந்துட்ட." வீட்டு வாசலில் அக்கா அவர் காலைப் பார்த்தாள். "உங்கிட்ட இன்னாடா சொன்னேன்" என்றாள். அது ஒன்றுதான். அதற்கப்புறம் ஒரு வருஷம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கொஞ்ச நாளில் டயாலிசிஸ் ஆரம்பித்தது. அது எப்படியும் வந்திருக்கும், ஒரு வேளைச் சோற்றால் வந்ததில்லை என்று டாக்டர் சொன்னார். சரிதான். ஆனால் நடை? அது என் மூடியால்தானே நின்றது. பாத்திரத்தின் வாயைத் தட்டி வட்டமாக்கினேன். மூடியின் உள்விளிம்பைக் கடைந்து தளர்த்தி, மூன்று இடத்தில் அரம் போட்டு ஆவிக்கு வழி விட்டேன். அரத்தை எடுத்தபோது கை கூசியது. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா அதிலிருந்துதான் உப்பில்லாத சோறு சாப்பிட்டார். ஒரு விரலால் மூடியைத் தள்ளித் திறந்து, "பாரு, இப்பத்தான் இது மூடி" என்பார். நாலு வருஷம் அப்படிப் போயிற்று. மாமாவின் காரியம் முடிந்த மறுநாள் அக்கா பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, "உன் சாமான், நீயே வெச்சுக்க" என்று கொடுத்தனுப்பினாள். அன்றிலிருந்து அலமாரியில் ஆடுகிறது.

போன ஞாயிறு அக்கா வந்தாள். உட்காராமலே அலமாரியைப் பார்த்தாள்.

"அத எடு. புரட்டாசி வருது."

"எங்கக்கா?"

"ஊத்துக்கோட்டைவரைக்கும் பஸ்ஸு. அங்கருந்து நடக்கறேன். அவரு வுட்ட எடம் அதானே."

என் முட்டி வலியைச் சொன்னேன், லீவு கிடைக்காததைச் சொன்னேன். "எனக்குந்தான் முட்டி கீது. அங்கங்க உக்காந்துகினு போலாம்" என்றாள். பிறகு முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சின்ன உப்புப் பொட்டலத்தை எடுத்துப் பாத்திரத்துக்குள் போட்டாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எனக்கு இன்னாடா, நல்லாத்தானே கீறேன். உப்பில்லாம எறங்காது" என்று சொல்லி மூடியைப் போட்டு, காதருகே வைத்து ஆட்டினாள்.

"ஆடுதே."

"ஆடும்கா. ஆடணும்."

பையில் போட்டுக்கொண்டு போனாள். தெருமுனைவரை கடகடவென்று கேட்டது. கொஞ்ச நேரத்தில் ரயில் வந்தது. ஜன்னல் அதிர்ந்தது, தட்டுகள் லேசாக உரசின. மூடி இருந்த இடம் சும்மா இருந்தது. எழுந்து, லீவு கேட்டு ஃபோர்மேனுக்குப் போன் போட்டேன்.