பூசணிப் பிஞ்சைச் சுட்டிய விரல்

எங்கள் அக்கா போய் ஓராண்டு ஆகிவிட்டது. இதை என் கையாலேயே எழுதிய பின்னும் நம்ப முடியவில்லை.

அக்கா நெடுந்தீவில், உவர்க் கிணறும் மாட்டுப்பட்டியுமாக இருந்த வளவில் பிறந்தவர். மாடு பார்க்கவும் என்னைத் தூக்கவும் ஆளில்லாமல் அவரது படிப்பு இடையில் நின்றது. எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பை முடித்த முதல் ஆள் நான். ஒவ்வொரு சோதனைக்கும் முதல் வல்லாரைச் சம்பல் அரைத்துத் தருவார். "வல்லாரைக்குப் புளி ஆகாது, தேசிக்காய்தான். புளி விட்டா படிச்சதெல்லாம் மறந்துபோம்" என்பார். நான் கணக்கில் சித்தியடைந்தபோது புகழ் முழுவதும் வல்லாரைக்கே போனது.

மண்கும்பானுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர், நல்ல தண்ணீரைக் கண்ட சந்தோசத்தில் முதல் கிழமையே கிணற்றடியில் கீரை விதைத்தாராம். மருந்து குடிப்பவருக்கு அகத்தியிலை கொடுக்க மாட்டார், மருந்தை முறித்துவிடுமாம். முழுப் பூசணியில் பெண்கள் கத்தி வைக்கக்கூடாதென்று முதல் வெட்டுக்கு அத்தானைத்தான் கூப்பிடுவார். எல்லாவற்றிலும் பெரிய சட்டம் ஒன்று இருந்தது. பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அது அழுகிவிடும். சுட்டுவிரலை மடக்கித்தான் காட்ட வேண்டும்.

"பூசணிக்கென்ன கண்ணே இருக்கு?" என்று அத்தான் நையாண்டி பண்ணுவார்.

"கண் இருக்கிற நீங்கள் என்னத்தைக் கண்டனீங்கள்? விரலை மடக்குங்கோ."

போன வருடம் அந்தக் காலை நானும் அவர்கள் வளவில் நின்றேன். "தம்பி, அந்தா, வேலிக்கரையிலை புதுப்பிஞ்சு" என்று அக்கா காட்டினார். விரல் நேரே நீண்டிருந்தது.

"அக்கா, நீட்டிக் காட்டிப்போட்டியள்!" என்றேன்.

"கடைசியிலை நான் சொன்னதை ஒத்துக்கொண்டீர் போல" என்றார் அத்தான்.

"மடக்கத்தான் பாக்கிறன், மடங்குதில்லையடா" என்று அக்காவும் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கமாக இழுபட்டது. கையிலிருந்த கீரைச் சுளகு விழுந்தது. அக்காவும் விழுந்தார்.

யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு ஓடினோம். மூளையில் இரத்தக்குழாய் வெடித்துவிட்டதென்றும், விரல் மடங்காததே அதன் தொடக்கம் என்றும் வைத்தியர் சொன்னார். மறுநாள் மத்தியானம் அக்கா இல்லை. வயது நாற்பத்திரண்டு.

அதன்பின் ஒவ்வொரு நாளும் அத்தான் எழும்பியதும் அந்தப் பிஞ்சடிக்குத்தான் போனார். கீழே வைக்கோல் வைத்தார், மேலே பனையோலையால் மறைத்தார். "இது அழுகினா, அவ கடைசியாக் காட்டினது..." என்றவர் ஓலையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார்.

அது அழுகவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையன்று இரண்டு கையாலும் தூக்க வேண்டிய காயாக இருந்தது. அயல் அக்காமார் தேங்காய்ப்பூவும் அரிசியும் பொன்னிறமாக வறுத்துக் கடுகோடு அரைத்தார்கள். தோல் சீவாமல், தேங்காய்ப்பால் விட்டு, அக்கா வைப்பது போலவே வைக்க வேண்டுமென்று. காயை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அத்தான் கத்தியை எடுத்தார். பழக்கத்தில் குசினிப் பக்கம் திரும்பி, அக்காவைக் கூப்பிடுவது போலவே, "இஞ்சேரும், கொண்டாரும், வெட்டித்தாறன்" என்றார்.

அம்மியில் அரைத்த கை அப்படியே நின்றது. பிறகு அவரே போய்க் காயைத் தூக்கி வந்து வெட்டினார்.

வாகனம் தந்து கூடவே வந்த அயலவருக்கும், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகேறி வந்த உறவுகளுக்கும், வெளிநாடுகளிலிருந்து தொலைபேசியில் எங்களோடு அழுதவர்களுக்கும், அன்று சமைத்த கைகளுக்கும் எங்கள் நன்றி. இந்த நினைவு மலரோடு சிறு பொட்டலமொன்று இருக்கும். அந்தக் காயின் விதைகள், சாம்பல் தடவிக் காயவைத்தவை. அத்தானே பொதி செய்தார். பிஞ்சு பிடிக்கும்போது நினைவில் வைக்க ஒரு வார்த்தையும் எழுதச் சொன்னார்:

"விரல் மடங்கிற ஆக்கள் மடக்கிக் காட்டட்டும்."