நாலாம் கட்டில்

முருகேஸ்வரி ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அங்கே ஆளுக்குப் பேர் இருந்தாலும் வீட்டு நம்பர்தான் பேசும். விறகும் கம்பளியும் நம்பருக்கு வரும். உள்ளே யார் இருக்கிறார்களோ எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில்தான், வண்டன்மேட்டு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்ததும், மருந்து டப்பாக்களில் கட்டில் நம்பரை எழுதி ஒட்டினாள். நர்ஸ் ரிஞ்சு சிஸ்டருக்கும் அது வசதியாகப் பட்டது. ஆட்களையும் முருகேஸ்வரி அப்படியே கூப்பிட்டாள். "ஏழு பெரியம்மா, கஞ்சி ஆறுது!"

ஆடி மழையில் ஏழாம் கட்டிலுக்கு மேலே ஓடு ஒழுகியது. அதில் கிடந்த கத்தரீனாள் நனைந்து நடுங்கினாள். நாலாம் கட்டில் மாரித்தாய் குமுளிக்கு, மகன் வீட்டுக்குப் போயிருந்தாள். முருகேஸ்வரி கத்தரீனாளை அந்தக் கட்டிலுக்கு மாற்றிப் படுக்க வைத்தாள்.

"மாரித்தா வந்தான்னா என் கொண்டையைப் பிடிச்சு இழுப்பாடி."

"உங்களுக்குக் கொண்டை எங்க இருக்கு பெரியம்மா?"

கிழவி பொக்கை வாய் திறந்து சிரித்தாள்.

மறுநாள் முருகேஸ்வரிக்கு லீவு. கட்டில் மாறியதை யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள். திரும்பி வந்தபோது கத்தரீனாளை அடக்கம் செய்ய எடுத்துக்கொண்டிருந்தார்கள். காலையில் வேர்த்துக் கொட்டியதாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே ஜீப்பில் உயிர் போய்விட்டதாம்.

வேலைக்குப் புதிதாக வந்த இந்து தேம்பினாள். "அவங்க கஞ்சியே குடிக்கலக்கா. நாலுக்கு நாலாம் டப்பா மாத்திரையத்தான குடுத்தேன்?"

நாலாம் டப்பாவில் இருந்தது மாரித்தாயின் சர்க்கரை மாத்திரை. கத்தரீனாளுக்குச் சர்க்கரை நோயே கிடையாது.

கத்தரீனாளின் மகன் சூசையப்பன் முருகேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டான். "சீக்குல இழுபடாம போய்ட்டாங்க. நீங்கதான் நல்லா பாத்துக்கிட்டீங்க." அவளால் கையை உருவிக்கொள்ள முடியவில்லை.

கட்டிலை மாற்றியதை ரிஞ்சு சிஸ்டரிடம் மட்டும் சொன்னாள். சிஸ்டரின் முகம் வெளிறிப்போனது. "ஒண்ணும் மிண்டவேண்டாம், யார்கிட்டயும் சொல்லாத முருகேஸ்வரி. இல்லத்தப் பூட்டிட்டா இவங்க எல்லாம் எங்க போவாங்க?"

முருகேஸ்வரி நம்பர்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, தெரிந்த எழுத்தில் பேர்களை எழுதி ஒட்டினாள். இனி பேர் கேட்காமல் யாருக்கும் மாத்திரை கொடுக்கக் கூடாது என்று இந்துவுக்கும் சொன்னாள்.

மாரித்தாய் திரும்பி வந்தாள். தன் கட்டில் எதுவென்று தெரியாமல், காலியாக இருந்த வேறொன்றில் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நாளாகவே அவளுக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது.

"உங்க பேரு என்னம்மா?" இந்து மாத்திரையோடு நின்றாள்.

மாரித்தாய்க்குப் பேர் நினைவுக்கு வரவில்லை. வாசலில் நின்ற முருகேஸ்வரியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"நாலு," என்றாள். "இவதான் வச்சா."