கை தூக்காத தேர்தல்

எண்பத்துமூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் சங்கக்கடையில் எனக்கு விற்பனைப் பெண்ணாக வேலை கிடைத்தது. கிடைத்தது என்பதைவிடத் தந்தார்கள் என்பதுதான் சரி. தந்தவர் எங்கள் கூட்டுறவுச் சங்கத் தலைவர். கொழும்பில் பெரிய இடத்து அரசியல்வாதிகளோடு நேரே கதைக்கக்கூடியவர். அடுத்த பாராளுமன்றத் தேர்தலில் தானும் நிற்கப்போவதாகச் சொல்லித் திரிந்தார். வேலையும் பயிருக்குப் பசளையும் தண்ணீர் இறைக்கும் மிசினுக்கு மண்ணெண்ணெயும் அவர் வாய்ச்சொல்லில் கிடந்தன.

நான் வேலையில் சேர்ந்த அன்று ஐயாவிடம், என் தகப்பனிடம், தலைவர் சொன்னார்: "பிள்ளையை நான் பாத்துக்கொள்ளுறன். பொதுக்கூட்டத்திலை உங்கடை வீட்டுக் கையெல்லாம் எனக்கு உயர்ந்தால் காணும்."

சங்கத்தின் பொதுக்கூட்டம் பள்ளிக்கூட மண்டபத்தில் நடக்கும். வீட்டுப் பெண்களும் அங்கத்தவர்கள்தான். கை தூக்கித்தான் தலைவரையும் நிர்வாகத்தையும் தெரிவு செய்வது. பின்சுவரில் சாய்ந்தபடி அவருடைய சண்டியர்கள் நிற்பார்கள், யாருடைய கை உயரவில்லை என்று பார்ப்பதற்காகவே. முந்தின தெரிவில் ஒரு தோட்டக்காரர் கையைத் தூக்கவில்லை. அந்தக் கிழமையே அவருடைய வாழைகள் குலையோடு வெட்டிச் சரிக்கப்பட்டன. அவர் பொலிசுக்குப் போகவில்லை. பொலிஸ்காரர் தேத்தண்ணி குடிப்பது தலைவர் வீட்டு விறாந்தையில் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பக்கத்து வீட்டில் ஒரு விதவை இருந்தா. சொந்தமில்லை, ஆனாலும் மாமி என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு பெட்டைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வெங்காயப் பயிர் செய்து சீவித்தவ. தன் முறை வரும்போது மட்டும் ஏன் மண்ணெண்ணெய் முடிந்துபோகிறது என்று கடைவாசலில் உரக்கக் கேட்டதற்காக, மாமிக்கு எண்ணெயே நின்றுபோனது. கூட்டம் அறிவித்த அன்று மாமி என்னிடம் சொன்னா:

"இந்தமுறை நிர்வாகத்துக்கு நானும் நிக்கப்போறன், பிள்ளை."

"பயமில்லையோ மாமி?"

"பயந்தான். வெங்காயம் தண்ணியில்லாமல் வாடுறதைப் பாக்க அதைவிடப் பயமாக்கிடக்கு."

கணக்குப் பார்க்க வரும் பரிசோதகர் ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது: அங்கத்தவர்கள் கேட்டால் இரகசிய வாக்கு வைக்கத்தான் வேண்டும். அதை மாமிக்குச் சொல்லிவிட்டு, வேலை போய்விடுமோ என்று இரண்டு நாள் சோறு இறங்காமல் திரிந்தேன்.

மாமி நிற்கப்போவது தலைவர் காதுக்கு எட்டியிருந்தது; தன் ஆட்கள் மட்டும் கூட்டத்துக்கு வந்தால் போதும் என்று முடிவெடுத்துவிட்டார். கூட்டத்தன்று காலை, பட்டணத்திலிருந்து வான் வண்டி ஒன்றில் நாங்கள் கண்டிராத சண்டியர்கள் வந்து இறங்கினார்கள். வீடுகளுக்குப் போகும் ஒழுங்கைகளின் முகப்பிலும் பள்ளிக்கூட வாசலிலும் நின்றார்கள். கையில் சைக்கிள் செயின். சந்திவரை போன ஆம்பிளைகள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். ஐயாவும் வந்து சேர்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

"போகேலாது. உவங்கள் ஒருத்தரையும் விடுறாங்களில்லை."

அம்மா அடுப்படியிலிருந்து கேட்டா: "ரோட்டாலை போனால்தானே?"

எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டு வளவையும் சுற்றி வேலி. ஆனால் அயல் வீடுகளுக்கு இடையில், பெண்கள் குனிந்து போய்வர வேலியில் ஒரு வழி விட்டிருப்பார்கள். பொட்டு என்போம். கறிவேப்பிலை கேட்கவும் தணல் வாங்கவும் பெண்கள் திரியும் பாதை அது. ஆம்பிளைகள் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

அம்மா முன்னுக்குக் குனிந்தா. பின்னால் நான், மாமி, மாமியின் மூத்தவள். ஒவ்வொரு வளவிலும் ஒருத்தியோ இருவரோ கையைச் சீலையில் துடைத்தபடி சேர்ந்துகொண்டார்கள். நாய்கள் குரைத்தன. ஒருவரும் சத்தமாகக் கதைக்கவில்லை. கடைசி வளவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் மட்டும் பொட்டு இல்லை. அந்த வீட்டுக்காரி கத்தியை எடுத்துவந்து, வேலிக் கட்டுகளை அறுத்துத் தென்னங்கிடுகுகளை இழுத்துப் போட்டாள்.

"இவர் கேட்டால் மாடு முறிச்சதெண்டு சொல்லுறன். போங்கோ."

பின்கதவால் நாங்கள் வரிசையாக வந்து வாங்குப் பலகைகளில் அமர்ந்தபோது, மண்டபத்தில் தலைவரும் கூட்டத்தை மேற்பார்க்க வந்த பரிசோதகரும் தலைவரின் ஆட்களும் மட்டும்தான். தலைவருக்கு முகம் கறுத்தது. ஆனாலும் எழும்பிச் சொன்னார்:

"சரி, என்னை ஆதரிக்கிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

இரகசிய வாக்கை மாமிதான் கேட்பதென்று பேச்சு. மாமி வாங்கின் விளிம்பைப் பிடித்தபடி எழும்பாமல் இருந்தா. என்ன செய்கிறேன் என்று யோசிக்க முன்னமே நான் எழும்பிவிட்டேன்.

"தலைவர் ஐயா, இரகசிய வாக்கு வேணும்."

தலைவர் என்னைப் பார்த்தார். "பிள்ளை, நீ எங்கை வேலை செய்யிறாய் எண்டு நினைவிருக்கோ?"

"ஓம்."

நான் திரும்ப உட்காரவில்லை. பின்னால் வாங்கு கிரீச்சிட்டது. அம்மா எழும்பி நின்றா. "எனக்கும் அதுதான் வேணும்." பிறகு மாமி. பிறகு வேலியை வெட்டியவள். பிறகு எல்லாரும்.

வாசலில் நின்ற சண்டியர்கள் சத்தம் கேட்டு உள்ளே ஓடிவந்தார்கள். வந்தவர்கள் தலைவரைப் பார்த்தார்கள், எங்களைப் பார்த்தார்கள். ஒரு மண்டபம் நிறைந்த பெண்களை என்ன செய்வதென்று யாரும் அவர்களுக்குச் சொல்லி அனுப்பவில்லை. பரிசோதகர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, தானே கடதாசியைத் துண்டு துண்டாகக் கிழிக்கத் தொடங்கினார்.

தலைவர் தோற்றார். மாமி புதிய நிர்வாகத்தில் ஒருத்தியானா. அடுத்த சில கிழமைகள் எல்லாரும் தங்கள் தங்கள் வாழைகளை எட்டி எட்டிப் பார்த்தபடி இருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. யாருடைய வாழையை வெட்டுவது? கடதாசியில் பேர் இல்லையே.

ஆனால் மேலிடத்தில் அவருக்கு இன்னும் ஆட்கள் இருந்தார்கள். என்னைச் சில மைல் தள்ளியிருந்த புத்தூர்ச் சங்கக்கடைக்கு மாற்றினார்கள். ஐயா கோபித்து இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் தன் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டு, சைக்கிள் சீற்றை என் உயரத்துக்கு இறக்கி, என் பக்கம் தள்ளினார்.

புத்தூரில் முதல் கிழமை, கோதுமை மா வாங்க வந்த ஒரு பெண் தராசுக்கு மேலாகக் குனிந்து கேட்டா:

"நீர்தானே உரும்பிராய்ப் பிள்ளை? எங்கடை கூட்டமும் வருகுது. அங்கை எப்பிடிச் செய்தனீங்கள்?"

வரிசையில் நின்றவர்கள் கதையை நிறுத்திக் கிட்ட வந்தார்கள். நான் மாவை நிறுத்துக் கொடுத்துவிட்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.