சாயம் போன புல்தரை

எங்கள் அப்பா குண்டடத்துக் காட்டில் பயிருக்கு நடுவே ஆயுள் முழுக்கப் புல் பிடுங்கியவர். அவருக்கு மகனாகப் பிறந்த நான், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், காசு கொடுத்துப் புல் வாங்கி வந்து வீட்டு முன்னால் நட்டேன். பார்க்க வந்த அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இதையப் புடுங்கிப் புடுங்கியே எனக்கு முதுகு போச்சு. நீ லாரி வெச்சு ஏத்தியாந்து நடறயா கண்ணு?" என்று கேட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார்.

எல்லாம் ஜெர்மனி போய் வந்த கொழுப்பு. எங்கள் கம்பெனியில் பனியன் வாங்கும் பையர் அங்கே தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். வாசலில் ஜமக்காளம் விரித்த மாதிரிப் புல். அவரே மிஷின் தள்ளி வெட்டுகிறார், அவரே உரம் போடுகிறார். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீரபாண்டியில் வீடு கட்டியதும் முதல் காரியமாகப் புல்தரை போட்டேன். ஆள் வேண்டாம், நானே பார்த்துக்கொள்வேன் என்று வீராப்பு வேறு.

பார்த்துக்கொண்டேன். சித்திரை வெயிலுக்குக் காலையும் மாலையும் வீட்டு ஆழ்குழாய்ப் போர்த் தண்ணீர். ஆடிக் காற்று மண்ணை வாரிக்கொண்டு போனதும் சலித்த செம்மண், மக்கிய சாணம். ஐப்பசி மழை விட்டதும் யூரியா. மார்கழிப் பனியில் எதையும் போட்டுத் தொலைக்காதீர்கள் என்று உரக்கடைக்காரர் கெஞ்சியதால் அந்த மாதம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு புல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நாள், என்ன உரம், எத்தனை கிலோ என்று எல்லாவற்றையும் எங்கள் சாயப்பட்டறையில் ஒவ்வொரு துணிக்கும் சாயக் கணக்கு எழுதும் லாட் கார்டில் எழுதினேன். பச்சை சரியாக வந்திருக்கிறதா என்று நாலு புல்லைக் கிள்ளிக்கொண்டு போய், துணிக்கு ஷேடு பார்க்கும் விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்ததும் உண்டு. துணியில் பழுது பார்க்கும் செக்கிங் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் கண்டுகொள்ளவில்லை.

"ஏனுங்க, எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ஒரு வாய் கஞ்சி வெச்சுக் குடுத்தீங்களா? புல்லுக்கு மட்டும் இத்தன பண்டுதமுங்களா?" என்றாள் மனைவி. நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

இத்தனை பண்டுதம் பார்த்தும் அந்தப் பாழாய்ப்போன புல் பழுத்தது. நுனி முதலில் கருகியது, பிறகு திட்டுத்திட்டாக மஞ்சள். சாயத்தில் ஷேடு குறைந்தால் இன்னும் கொஞ்சம் சாயம் சேர்ப்போம், டாப்பிங் என்று பெயர். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். யூரியாவை இரண்டு மடங்காக டாப்பிங் செய்தேன். மஞ்சளாக இருந்தது வைக்கோலாயிற்று.

அந்த நேரம் பார்த்துப் பையர் வருவதாக ஃபேக்ஸ் வந்தது. போன முறை அனுப்பிய சிவப்பு டி-ஷர்ட்டில் சாயம் கசிந்து வெள்ளைக் காலரெல்லாம் ரோஸாகியிருந்தது. எங்களோடு வியாபாரம் தொடர்வதா வேண்டாமா என்று நேரில் பார்த்து முடிவு செய்ய வருகிறார். அவர் போனால் எங்கள் தையல் மிஷினில் பாதி நின்றுவிடும், அதில் உட்காரும் ஆட்களும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஆனால் நான் எதற்கு ஓடினேன் தெரியுமா? புல்லுக்கு. அவர் வரும் நாள் சாயந்தரம் வீட்டில் சாப்பாடு என்று சொல்லியிருந்தேனே!

சாய மாஸ்டரைக் கூப்பிட்டுப் புல்லுக்குப் பச்சைச் சாயம் அடிக்கச் சொன்னேன். அவர் தூத்துக்குடிப் பக்கத்து ஆள், தலையைச் சொறிந்தார்.

"துணின்னா சூடு காட்டி, சோப்பு போட்டு அலசலாம் மொதலாளி. புல்லை எந்த மிஷின்ல போட? ஒட்டாது, கேட்டுக்கிடுங்க."

"பார்வைக்குத் தெரிஞ்சாப் போதும், அடிங்க" என்றேன்.

பருத்திக்கு மருந்தடிக்கும் தெளிப்பானில் அடித்தார். அப்படியொரு பச்சை. தாராபுரம் ரோட்டில் போன சைக்கிள்காரர்கள்கூட இறங்கி நின்று பார்த்தார்கள்.

சாயந்தரம் பையர் வந்தார். புல்லைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. நான் தடுப்பதற்குள் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கி நடந்தார். தன் வீட்டிலும் வெறுங்காலோடுதான் நடப்பாராம். திரும்பி வந்து சிமென்ட் தரையில் ஏறினார். கணுக்கால் வரை பச்சை. வெள்ளைப் பேன்ட்டின் ஓரம் பச்சை. சிமென்டில் வரிசையாகப் பச்சைக் காலடிகள். சாயம் கசிகிறது என்று கேட்க வந்த மனிதரைச் சாயத்திலேயே நடக்கவிட்டிருந்தேன்.

"போர்த் தண்ணி ஒரு பக்கெட் கொண்டா!" என்று கத்தினேன்.

"அந்த உப்புத் தண்ணீல சோப்பே நொரைக்காதுங்க, சாயம் எப்படிப் போகும்? லாரித் தண்ணி கொண்டாறனுங்க" என்று மனைவி உள்ளே போனாள். சமையலுக்கும் குடிக்கவும் ஆறு மாதமாக லாரித் தண்ணீர்தான் வாங்கிக்கொண்டிருந்தோம்.

மனைவி என்ன சொன்னாள் என்று பையர் கேட்டார். அவமானத்தில் எதை மறைப்பது என்றே தோன்றாமல் உள்ளபடி சொன்னேன். அவர் புல்லைப் பார்த்தார். இதற்கு எந்தத் தண்ணீர் என்றார். போர்த் தண்ணீர் என்றேன். என் டி-ஷர்ட்டை அலசியது எந்தத் தண்ணீரில் என்றார்.

பட்டறை எங்கள் வீட்டுக்கு நாலு தோட்டம் தள்ளித்தான் இருந்தது. அங்கேயும் போர்தான். ஒரு வருடமாக லாட் கார்டில் எழுதிய எனக்கு, தண்ணீர் என்று ஒரு பத்தி போடத் தோன்றவே இல்லை. அந்த உப்புத் தண்ணீரில் சரியாக அலசாத சாயம்தான் காலரில் கசிந்திருக்கிறது, புல்லும் அதே உப்பில்தான் கருகியிருக்கிறது.

ஆர்டர் பிழைத்தது. பட்டறைக்கும் நல்ல தண்ணீரை லாரியில் கொண்டு வந்து அலசுவது என்று பேச்சாகி, சாம்பிள் தேறி, சிவப்பு டி-ஷர்ட் மறுபடி கப்பல் ஏறியது. புல்தரையைக் கொத்திவிட்டுத் துணி காயப்போடக் கம்பி கட்டினோம். நான் இந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மத்தியானம் சோறு போடும்போது மனைவி கேட்டாள்:

"ஏனுங்க, நாம ஊடு கட்ட வந்தப்ப அந்தத் தண்ணி நல்லாத்தான இருந்துச்சு. எதனால உப்பாச்சுன்னு அவரு கேக்கலீங்களா?"

"கேக்கல" என்றேன். சாயம் பிடிக்கத் தொட்டியில் கொட்டி, பிறகு கழிவுத் தண்ணீரோடு வெளியே விடும் உப்பு அன்று காலையில்தான் ஒரு லாரி வந்து பட்டறையில் இறங்கியிருந்தது. இறக்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நான் சாப்பிட வந்திருந்தேன்.